‘ஃபைன் கட்டினியான்னுதானல கேக்கான்!’

உள்ளே விட்டுட்டாங்க! தச்சநல்லூரில் ஒரு மாடியறை. கீழே ஜெராக்ஸ் கடை. மேலே, அரசு வேலைக்குத் தேர்வான பிள்ளைகள் உட்கார்ந்து படிவம் நிரப்பும் இடம். ரிசல்ட் வந்த அன்று வெட்டுகிற கேக்கைத்தான் ஊர் பார்க்கும். அந்தக் கேக்குக்கும் வேலையில் சேரும் நாளுக்கும் நடுவே நடக்கிற கூத்தைப் பார்க்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை. செருப்பைப் படியிலேயே விட்டுட்டு வாங்க, காட்டுறேன்.

அடடா, என்ன களேபரம்! பெஞ்சு முழுக்கப் பசை டப்பா, ஸ்டாம்ப் பேட், பாஸ்போர்ட் சைஸ் முகங்கள். தலைகீழாக ஒட்டின போட்டோவை ஒருத்தன் நகத்தால் நோண்டி எடுக்கிறான். காற்றில் தாள் பறக்குதென்று ஃபேனை அணைச்சுட்டாங்க. எல்லார் சட்டையும் முதுகோடு ஒட்டிக் கிடக்கு. நடுநாயகமாக, ஓய்வுபெற்ற ஏட்டையா ஒருத்தர். ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தவர். இந்தப் படிவங்கள் விசாரணைக்கு வந்து சேருகிற மேஜையில் காலமெல்லாம் உட்கார்ந்தவர், இப்போது அவை கிளம்புகிற இடத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். காசு வாங்குவதில்லை. சுக்குக் காபி மட்டும்.

இந்தத் திருநெல்வேலி மாவட்டத்துக்குள்ளேயே மகேந்திரகிரியில் இஸ்ரோ இருக்கு, கூடங்குளத்தில் அணுமின் நிலையம் இருக்கு, விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் இருக்கு. பரீட்சையில் எவ்வளவு மார்க் வாங்கியிருந்தாலும் சரி, முன்நடத்தை விசாரணை தாண்டாமல் அங்கெல்லாம் வேலை உறுதியாகாது. அதற்கான அட்டெஸ்டேஷன் படிவத்தை முதன்முதலாகக் கையில் வாங்கிப் பார்த்தேன். உச்சியிலேயே எச்சரிக்கை: பொய் சொன்னாலோ மறைத்தாலோ தகுதி போய்விடும். அதற்குக் கீழேதான், கடந்த 5 ஆண்டில் எங்கெங்கே குடியிருந்தாய், கைதானதுண்டா, வழக்குண்டா, அபராதம் கட்டினதுண்டா, தேர்வு எழுதத் தடை வாங்கினதுண்டா என்று கேள்விமேல் கேள்வி.

அந்த ஓரத்துப் பையனைப் பாருங்க. கோயில் கொடையில் நடந்த அடிதடியில் அவன் பேரும் சேர்ந்துபோச்சு. ‘இல்லை’ என்று எழுதி, பயந்து, வெள்ளை மை தடவி, அதன்மேல் மறுபடியும் ‘இல்லை’ என்றே எழுதியிருக்கான். ஏட்டையா தாளை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அடியில் கிடந்த எழுத்து அப்படியே தெரிகிறது!

“என்னல இது?”

“அதான் ஃபைன் கட்டி முடிச்சாச்சே, ஏட்டையா.”

“ஃபைன் கட்டினியான்னுதானல அங்க கேக்கான்!”

அறையே வெடித்துச் சிரித்தது, அந்தப் பையனும் சேர்ந்து. “புது பாரம் எடு. கேஸ் நம்பர், கோர்ட்டு, தேதி எல்லாம் எழுது. இடம் பத்தலன்னா தனித்தாள் வை.”

ஏட்டையா சொல்வதற்குப் பின்னால் உச்ச நீதிமன்றமே நிற்கிறது. 2016 ஜூலையில் அவதார் சிங் வழக்கில் 3 நீதிபதிகள் வழக்கை மறைப்பது பற்றித்தான் அலசினார்கள். இளவயதில் கோஷம் போட்டது மாதிரி அற்பமான வழக்கை ஒருவர் மறைத்திருந்தால், அதை மன்னிக்க வேலை கொடுப்பவருக்கு உரிமை உண்டு. ஆனால் பல வழக்குகள் நிலுவையில் இருக்க, தெரிந்தே மறைத்தால் அதுவே வேலைக்கு உலை வைக்கும். கோஷம் என்றதும் இந்த மாவட்டத்துக்காரருக்குக் கூடங்குளம்தானே ஞாபகம் வரும்? 2011, 2012 அணு உலை எதிர்ப்புப் போராட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்கள்மேல் வழக்கு பாய்ந்தது. அவற்றைத் திரும்பப் பெற 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஊருக்காகக் கடற்கரையில் உட்கார்ந்த பிள்ளை, இந்தக் கட்டத்துக்கு முன்னால் கை நடுங்க உட்கார வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்து ஜன்னலோரம். மஞ்சள் சுடிதார் போட்ட பெண் மெதுவாகக் கேட்டாள். “அம்மா குழுவுல லோன் எடுத்திருக்காவ. எழுதணுமா?”

“ஒங்க அம்மா கடனுக்கு இதுல கட்டமே இல்லம்மா. ஒன் கடனுக்கும் இல்ல!”

அவள் விட்ட பெருமூச்சில் மேஜைத் தாள் பறந்தது. உடனே நாலு பேர் குனிந்து பொறுக்கினார்கள்.

ஆனால் கடன் சமாச்சாரம் அதோடு முடிவதில்லை. மத்திய அரசு ஊழியர் எப்போதும் கடனில் உழலக் கூடாது என்று 1964-ம் ஆண்டு நடத்தை விதிகளில் 17-வது விதியே இருக்கிறது. வங்கிக்காரர்களோ வாசலிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். வேலைக்குத் தேர்வான ஒருவரின் நியமனத்தை, பழைய கடன் பாக்கி சிபில் அறிக்கையில் இருந்ததால் ஸ்டேட் வங்கி ரத்து செய்தது. அறிவிப்பு வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட்டேன் என்றார் அவர். 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் வங்கியின் பக்கமே நின்றது. பொதுமக்கள் பணத்தைக் கையாள்பவருக்கு நிதி ஒழுக்கம் வேண்டுமாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. கடனைக் கட்டி முடித்ததும் ஒழுக்கம்தானே!

அமெரிக்காவில் ரகசியத் துறைகளுக்கு ஆள் எடுக்கும்போது கடனைத் துருவித் துருவிப் பார்க்கிறார்கள். காரணம் இருக்கிறது. சி.ஐ.ஏ.வில் இருந்த ஆல்ட்ரிச் ஏம்ஸ், கடன் நெருக்கி, 1985-ல் சோவியத் உளவுத்துறைக்கு ரகசியம் விற்கத் தொடங்கியவர், 1994-ல்தான் பிடிபட்டார். இருந்தும் அவர்களுடைய விதியில் ஒரு கருணை உண்டு. வேலை போனதா, நோய் வந்ததா, அதற்குப் பிறகு கடனை அடைக்க நேர்மையாக முயன்றாரா என்று பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அந்தக் கேள்விகளை நம் வங்கிகளும் கேட்க வேண்டும்.

இதற்குள் கொடைப் பையன் புதுப் படிவத்தை முடித்துவிட்டான். எழுத்து கோணல்தான், ஆனால் வெள்ளை மை ஒரு பொட்டுகூட இல்லை. தீர்ப்பு நகல்தான் பாக்கி. நாளைக் காலை பாளையங்கோட்டை கோர்ட்டில் நகல் மனு போட ஏட்டையாவே பைக்கில் கூட்டிப்போகிறாராம். “ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு எடுத்து வைல” என்கிறார். பையன் படியில் தடதடவென்று கீழே ஓடுகிறான்.