இரும்பைக் குறைத்து ஒளியைக் கூட்டுவோர்

ஜப்பானிய வாள் என்றதும் நம் கண்முன் நிற்பது கொல்லனின் உலைக்களம். ஆனால் உலையிலிருந்து வந்த வாளை அந்நிலையிலேயே கண்டால், கரிய இரும்புப் பட்டை என்றெண்ணி நாம் கடந்துவிடக்கூடும். அதற்குத் திருத்தமான வடிவையும் ஒளியையும் தருபவர் வேறொரு கலைஞர். ஜப்பானியர் அவரைத் ‘தோகிஷி’ என்பர்.

தாழ்வான மணையில் அமர்ந்து, கல்லைத் தாங்கும் கட்டையை வலக்காலால் மிதித்து அழுத்தியபடி அவர் பணி செய்கிறார். முதற்கட்டத்தில் கல் அசையாது. நீரில் நனைந்த கல்லின்மேல் வாள்தான் நகரும். சொரசொரப்பான கல்லில் தொடங்கிப் படிப்படியாக மென்மையான கற்களுக்கு மாறுவார். முந்தைய கல் விட்ட கீறலை அடுத்த கல் முற்றாக அழித்தாக வேண்டும். ஒன்று எஞ்சினாலும் முடிவில் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். இறுதிக் கற்களுள் ஒன்றான ‘உச்சிகுமோரி’ கியோத்தோ மலைப்பகுதியில் கிடைத்த இயற்கைக் கல்.

இரண்டாம் கட்டத்தில் வாள் அசையாது. தாள்போல் தேய்த்து மெலியவைத்து, பின்புறம் காகிதம் ஒட்டிய சிறு கற்சில்லைக் கட்டைவிரலால் வாளின்மேல் தேய்க்கிறார்கள். நுண்ணிய இரும்பு ஆக்சைடுத் தூளை எண்ணெயில் குழைத்துத் தடவ, எஃகின் நிறம் ஆழமாகிறது. முதுகுப் பக்கத்தை எஃகு ஊசியால் இழைத்துக் கண்ணாடியாக்குகிறார்கள். அப்போது கூர்முனையை ஒட்டி அலையலையாய் ஒரு வெண்கோடு துலங்கும். அது வரைந்த கோலமன்று. களிமண் பூசிய வாளைக் காய்ச்சி நீரில் தோய்த்தபோது எஃகுக்குள்ளேயே பிறந்தது. ‘ஹமோன்’ என்பது அதன் பெயர்.

இவ்வொளிக்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு மெருகிடலும் சிறிதளவு எஃகைத் தின்றுவிடுகிறது. பல வாள்களில் கடினமான மேல்தோலுக்குள் மென்மையான இரும்பு உள்ளது. பன்முறை தீட்டினால் தோல் தேய்ந்து உட்பகுதி வெளித்தெரியும். அத்தகைய வாளைக் ‘களைத்தது’ என்பர். இழந்த எஃகை மீட்க வழியில்லை. வட்டியைச் செலவிட்டு முதலைக் காப்பது நம் வாசகர்களுக்குத் தெரிந்த நெறி. இங்கோ ஒவ்வொரு முறையும் முதலிலிருந்தே எடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே, எந்தக் கல்லில் தொடங்கினால் போதும் என்று தீர்மானிப்பதில்தான் தோகிஷியின் தேர்ச்சி இருக்கிறது என்போம். சொரசொரப்பான கல் வேலையை விரைவில் முடிக்கும், வாளின் ஆயுளையும்தான்.

கியோத்தோவின் ஹோனாமி குடும்பம் தலைமுறைகளாக வாளுக்கு மெருகிட்டதோடு அதன் தரத்தையும் மதிப்பிட்டு வந்தது. எழுத்தழகுக்கும் மட்பாண்டக் கலைக்கும் புகழ்பெற்ற ஹோனாமி கோஎத்சு (1558–1637) இக்குடும்பத்தவரே. 1876இல் பொதுமக்கள் வாள் தரிப்பதை அரசு தடைசெய்தது. தொழில் நலிந்தது, ஆயினும் அற்றுப்போகவில்லை. 1975இல் ஹோனாமி நிஷ்ஷூவுக்கு ‘வாழும் தேசியச் செல்வம்’ என்னும் தகுதியை ஜப்பான் வழங்கியது.

பாட்டனாரின் வாளைப் பளபளப்பாக்க விரும்பி உப்புத்தாளை எடுப்போர் எங்கும் உண்டு. அவர்களுள் சிலர் பிடிக்குள் மறைந்திருக்கும் துருவேறிய அடிப்பகுதியிலும் கைவைப்பதுண்டு. தோகிஷி தொடாமல் விடும் இடம் அதுவே. செய்தவரின் பெயர் பொறிக்கப்படுவது அங்கேதான். வாளின் வயதைக் கணிப்போர் அந்தத் துருவின் நிறத்தையும் பார்க்கின்றனர்.