இருளைக் காத்த நகரம்

கிராமத்தில் வாழ்வோர் விண்மீன்களை அறியாதவர் அல்லர். வைகறையில் ஏர் பூட்டப் புறப்பட்ட உழவர், விடிவெள்ளியைக் கண்டு பொழுதை அறிந்தனர். கார்த்திகைக் கூட்டத்தின் நிலையைக் கொண்டு இரவின் நேரத்தைக் கணக்கிட்டனர். இன்றோ பெருநகரங்களில் வளரும் சிறுவர்க்கு அக்காட்சி அரிதாகிவிட்டது. ஆயினும், மின்விளக்கையும் கைவிடாமல் வானத்தையும் இழக்காமல் வாழ்ந்து வரும் நகரம் ஒன்று உண்டு. அந்நகரைப் பற்றியும், அதனருகே விண்மீன் காண ஏற்ற இடங்களைப் பற்றியும் ஈண்டுக் கூற விரும்புகிறோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் அரிசோனா மாநிலத்தில், கடல் மட்டத்திற்குச் சுமார் 7,000 அடி உயரத்தில், பைன் காடுகளின் நடுவே அமைந்தது பிளாக்ஸ்டாப் நகரம். 1894-ஆம் ஆண்டில் பெர்சிவல் லோவெல் என்பார் இங்கு ஒரு வானாய்வு நிலையத்தை நிறுவினார். 1930-இல் கிளைடு டாம்பா புளூட்டோவைக் கண்டுபிடித்தது இந்நிலையத்திலேயாகும். வானாய்வுக்கு இருள் இன்றியமையாதது என்பதை ஊரார் உணர்ந்தனர். விளம்பரத்திற்காக வானை நோக்கி வீசப்படும் ஒளிக்கற்றை விளக்குகளை 1958-ஆம் ஆண்டிலேயே நகர மன்றம் தடை செய்தது. 1989-இல், ஓர் ஏக்கர் நிலத்தில் கட்டடத்திற்கு வெளியே எரியும் விளக்குகளின் மொத்த ஒளிக்கு வரம்பு விதிக்கப்பட்டது. 2001-ஆம் ஆண்டில், உலகின் முதல் இருள்வான நகரம் என்ற சிறப்பை இந்நகரம் பெற்றது.

இருள்வான நகரம் என்றவுடன், விளக்கற்ற ஊர் என்று கருதிவிடலாகாது. அங்கும் தெருவிளக்குகள் எரிகின்றன. ஆனால், அவற்றின் ஒளி தரையில் விழுமாறு மேற்புறமும் பக்கங்களும் மூடப்பட்டுள்ளன. நிறத்திலும் கருத்துச் செலுத்தினர். நீலம் கலந்த வெண்ணிற ஒளி காற்றில் மிகுதியாகச் சிதறி வானெங்கும் பரவும். மஞ்சள் ஒளி அவ்வளவு சிதறுவதில்லை. ஆதலின் அங்கு மஞ்சள் நிற விளக்குகளையே பெரிதும் விரும்புகின்றனர்.

இனி, இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் காண்போம். முதலாவதாக, நாம் காண விரும்பும் திசையில் பேரூர் எதுவும் இருத்தலாகாது. பிளாக்ஸ்டாப்புக்குத் தெற்கே சுமார் 230 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பீனிக்ஸ் பெருநகரின் ஒளி, அவ்வளவு தூரம் கடந்தும் தென் அடிவானத்தில் மங்கலாகத் தெரிகிறது. இரண்டாவதாக, இடையே ஒரு மலை இருப்பின் அது ஊரின் ஒளியைத் தடுக்கும் திரையாகும். நகரின் வடகிழக்கே உள்ள சன்செட் எரிமலைப் பூங்கா இவ்வகையில் சிறந்தது. எல்டன் மலை இடையில் நின்று நகரின் ஒளியை ஓரளவு மறைக்கிறது. மூன்றாவதாக, நாற்புறமும் வானம் திறந்திருத்தல் வேண்டும். சன்செட்டுக்கு அப்பால், பழங்குடி மக்களின் கல்வீடுகள் சிதைந்து நிற்கும் வுபாட்கி வெளி அத்தகையது. நகருக்குத் தென்கிழக்கே உள்ள ஆண்டர்சன் மேட்டுநிலத்தில் லோவெல் நிலையமே தன் தொலைநோக்கிகளை அமைத்துள்ளது. இன்னும் இருண்ட வானத்தை விரும்புவோர், சுமார் 130 கிலோமீட்டர் பயணம் செய்து கிராண்ட் கேன்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கிற்குச் செல்கின்றனர். அங்கு ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் விண்மீன் விழா நடைபெறுகிறது.

இடத்தைப் போலவே காலமும் முக்கியமானது. அமாவாசையை ஒட்டிய இரவுகளே ஏற்றவை. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அங்கு மழை மேகம் சூழ்வதுண்டு. இருளுக்குக் கண் பழகுவதற்கு அரைமணி நேரம் வேண்டும். அதற்குள் ஒரு முறை வெள்ளொளியைக் கண்டாலும் மீண்டும் முதலிலிருந்து காத்திருக்க நேரும். எனவே, வழி காண மங்கிய சிவப்பு விளக்கையே பயன்படுத்துகின்றனர். இடம் இருண்டதா என்று சோதிக்க எளிய வழி ஒன்றுண்டு. கார்த்திகைக் கூட்டத்தில் ஆறு மீன்கள் தனித்தனியே தெரியின், அது நல்ல இடம் எனலாம்.

இச்செய்தி நமக்கு எவ்வகையில் பயன்படும் என்று ஊராட்சி உறுப்பினர்கள் வினவக்கூடும். திருப்பத்தூர் மாவட்டத்தில், சவ்வாது மலையிலுள்ள காவலூரில், 1986-ஆம் ஆண்டு முதல் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி இயங்கி வருகிறது. பிளாக்ஸ்டாப்பில் அடிவானத்தைத் தொட்டு மறையும் அகத்திய மீன், காவலூரில் 25 பாகை அளவு உயர்ந்து ஒளிர்கிறது. தென்வானத்தை ஆராய நமக்கு வாய்த்த இந்த வசதி, சுற்றிலுமுள்ள ஊர்களின் விளக்கொளி பெருகப் பெருகக் குறையும்.

மற்ற ஊர்களுக்கும் இதில் நன்மை உண்டு. தெருவிளக்கின் மின்கட்டணத்தைச் செலுத்துவது ஊராட்சியே. வானை நோக்கிப் போகும் ஒளி, ஊர்ப் பணத்தில் வீணாகும் பகுதியாகும். கண்ணைக் கூசச் செய்யும் விளக்கு வழியைக் காட்டுவதினும் மறைப்பதே மிகுதி. விளக்கொளியைப் பூச்சிகள் நாடி வரும் என்பதை, விளக்குப்பொறி வைத்த உழவர் நன்கு அறிவர். வயலோரத்தில் வேண்டாத விளக்கு எரிவது விரும்பத்தக்கதன்று.

ஆகவே, எல்.இ.டி. விளக்குகளை மாற்றும் தீர்மானம் மன்றத்தின் முன் வரும்போது, உறுப்பினர்கள் நான்கு வினாக்களை எழுப்புதல் நலம். இவ்விளக்கு இவ்விடத்திற்கு வேண்டியதா? ஒளி தரையில் விழுகிறதா? வேண்டிய அளவினும் மிகுந்துள்ளதா? அதன் நிறம் மஞ்சள் சார்ந்ததா? இவற்றுக்கு ஏற்ற விடை கிடைப்பின் பாதையும் துலங்கும், செலவும் குறையும். விண்மீன் காண நெடுந்தூரம் செல்ல வேண்டிய நிலையும் நம் சிறுவர்க்கு நேராது. ஊர்க்கோடியில் உள்ள ஏரிக்கரையே போதும்.