மரம் அறிந்து நரம்பு கட்டு

சீவக சிந்தாமணியிலே காந்தருவதத்தையார் இலம்பகத்தை மாணவர்க்குப் பாடஞ் சொல்லத் தொடங்கி முப்பது ஆண்டுகள் ஆகின்றன. இசைப்போட்டி நிகழும் மண்டபத்திலே தன்முன் கொணர்ந்து வைத்த யாழ்களைச் சீவகன் ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துப் பார்த்துத் தள்ளிவிடுகின்றான். இஃது நீரில் நின்று இளகிய மரம், இஃது வாளால் புண்பட்ட மரம், இஃது இடியேறுண்ட மரம் என்று மரத்தின் குற்றங்களை எடுத்தோதுகின்றான். ஒரு சுரமேனும் மீட்டுமுன்பே மரத்தின் வரலாற்றைப் படித்துவிடுகின்றான். இதனைக் காப்பியத் தலைவனின் பெருமை கூற வந்த புனைந்துரை என்றே நான் சொல்லிக் கடந்து வந்தேன். அது புனைந்துரையன்று, தச்சன் அறிந்த உண்மை என்பதைச் சென்ற ஆண்டு மழைக்காலத்திலே எனக்குக் கற்பித்தது ஒரு மின் கிற்றார்.

அற்றனை அடுத்த தோட்டமொன்றிலே பிறந்து, என்னிடம் தமிழ் படித்து, இன்று கொழும்பிலே தொழில் பார்க்கும் இளைஞர் ஒருவர் ஒரு ஞாயிறன்று என் இல்லத்துக்கு வந்தார். திருமண வீடுகளிலும் விழா மேடைகளிலும் கிற்றார் வாசிப்பவர் அவர். ஐந்தாண்டுகளாகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, கடையிலே தொங்குவதை வாங்காமல், தம் கைக்கும் காதுக்கும் ஏற்ற கருவியொன்றைக் கைவினைஞர் ஒருவரிடம் சொல்லிச் செய்விக்க முற்பட்டிருந்தார். உடலுக்கு எந்த மரம், கழுத்துக்கு எந்த மரம், விரல் பதியும் பலகைக்கு எந்த மரம், மேலே எந்தப் பூச்சு என்று அந்தக் கைவினைஞர் கேட்டு அனுப்பிய தாள் அவர் கையில் இருந்தது.

“தம்பி, கிற்றாரைப் பற்றி என்னிடம் கேட்பதா?” என்று நகைத்தேன்.

“மரத்துக்காக வரவில்லை ஐயா, அப்பாவுக்காக வந்தேன். உங்கள் சொல்லைத்தான் அவர் கேட்பார்” என்றார்.

செய்தி இதுதான். அவர்கள் குடும்பம் நான்கு தலைமுறையாக வாழ்ந்த லயத்துக் காம்பராவை விட்டுப் புதுவீட்டுக்குக் குடிபெயர்ந்தபோது, தந்தையார் பழைய கதவை மட்டும் கழற்றிக்கொண்டு வந்தார். தேயிலைக்கு நிழலாய் நின்று முதிர்ந்து வெட்டப்பட்ட கிரவில்லியா மரத்தின் பலகையால், பாட்டனார் தம் கையாலே செய்து மாட்டிய கதவு அது. மகனின் கிற்றாருக்கு அந்தப் பலகையே உடலாக வேண்டும் என்பது தந்தையாரின் ஆசை. மகனுக்கோ ஐயம். ஆயினும், “வேண்டாம்” என்று தந்தையின் முகம் பார்த்துச் சொல்ல மனம் வரவில்லை. அந்தச் சொல்லைச் சொல்லும் பணியை என் தலையிலே வைக்க வந்திருந்தார்.

அறியாத பொருளிலே தீர்ப்புச் சொல்லலாகாது. ஆகவே இரண்டு கிழமை தவணை கேட்டேன். அந்த இரண்டு கிழமையும் நான் மாணவன், அவர் ஆசிரியர்.

முதலில் என் மனத்தெழுந்த வினா, மின் கிற்றாருக்கு மரம் எதற்கு என்பது. வீணையிலே குடமும் மேற்பலகையும் அதிர்ந்து நாதத்தைப் பெருக்குகின்றன. மின் கிற்றாரிலோ எஃகு நரம்பு காந்தத்தின் அருகே அதிர, காந்தத்தைச் சுற்றிய கம்பிச் சுருளிலே மின்னலை பிறக்கின்றது. அதனைக் கருவியொன்று பெருக்கி ஒலியாக்குகின்றது. 1930களின் தொடக்கத்திலே அமெரிக்காவில் ரிக்கன்பாக்கர் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த மின் கிற்றாரின் உடல் மரமே அன்று, வார்த்த அலுமினியம். பொரிக்கும் சட்டியைப் போன்று இருந்தமையால் அதற்கு அந்தப் பெயரே நிலைத்தது. உடல் மரம் ஓசையை எவ்வளவு மாற்றும் என்று கிற்றார் வல்லுநர் இன்றும் வாதிடுகின்றனர்.

ஆனால் வாதத்துக்கு இடமில்லாத ஒன்று உண்டு; அது கழுத்து. ஆறு எஃகு நரம்புகளும் ஓயாது இழுத்துக்கொண்டிருக்க, அந்த மெல்லிய மரத்துண்டு வளையாது நிற்றல் வேண்டும். உள்ளே எஃகுத் தண்டொன்று துணைக்கு இருப்பினும், மரம் ஈரத்தை உண்டு பருத்தும் உலர்ந்து சுருங்கியும் மாறிக்கொண்டிருந்தால் நரம்புக்கும் மெட்டுக்கும் உள்ள இடைவெளி மாறும், சுருதி பிசகும். கடல் மட்டத்துக்கு 4,000 அடிக்கு மேலே உள்ள அற்றனிலும் 6,000 அடிக்கு மேலே உள்ள நுவரெலியாவிலும் இதன் கொடுமை சொல்லுந்தரமன்று. தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களிலே பெட்டிக்குள் மடித்த துணியும் பூஞ்சணம் பூக்கும். தை மாசியிலே காற்று வறண்டு, விடியற்காலையிற் புல்நுனியிலே உறைபனி படியும். இவ்விரண்டுக்கும் இடையிலே மரம் ஆண்டுதோறும் மூச்சு வாங்கி மூச்சு விடுகின்றது.

இவ்விடத்திலேதான் சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார் எனக்குத் துணைவந்தார். அரங்கேற்று காதையிலே வங்கியம் என்னும் குழலுக்குரிய மரத்தைப் பற்றி அவர் கூறுவதை இக்காலத் தச்சரும் மறுக்கார். காற்றுக்கள் மாறி மாறி மோதும் நிலத்திலே வளர்ந்த மரம் ஆகாது. மரம் இளமையும் மிக்க முதுமையும் இன்றி நடுப்பருவத்ததாய் இருத்தல் வேண்டும். வெட்டியபின் நிழலிலே ஆறவிட வேண்டும். அது திருகவும் பிளக்கவும் இல்லை என்று கண்டு, ஓர் ஆண்டு சென்ற பின்னரே கருவி செய்தல் வேண்டும். மரத்தை நம்புமுன் ஓராண்டு சோதித்துப் பார் என்பதே இதன் கருத்து.

அந்த ஓராண்டுப் பொறுமையைச் சூளைக்குள்ளே சுருக்க முயன்றதே வறுத்த மரம். 1990களிலே பின்லாந்து நாட்டில் வளர்ந்த இம்முறை, வீட்டின் வெளிப்புறப் பலகைகளுக்காகப் பிறந்து, பின்னர்க் கிற்றாருக்கு வந்தது. உயிர்க்காற்றை நீக்கி, பெரும்பாலும் நீராவி சூழ, ஏறக்குறைய 170 முதல் 220 பாகை செல்சியஸ் வரை மரத்தைச் சூடேற்றுவர். உயிர்க்காற்று இன்மையால் மரம் தீப்பற்றாது. ஆனால் ஈரத்தை ஈர்த்துப் பிடிக்கும் நார்க்கூறுகள் சிதைகின்றன. வெளிறிய மேப்பிள் மரம் கருப்பட்டி நிறங் கொள்கின்றது. அதன்பின் அது மழைக்காலத்திலும் ஈரத்தைக் குறைவாகவே உண்ணும். ஆகவே வீங்குவதும் சுருங்குவதும் குறைவு. இதற்கு விலையும் உண்டு. வறுத்த மரம் சற்றே முறியுந் தன்மை கொள்ளும். முன்னே துளையிடாது திருகாணியை முடுக்கினால் பிளந்துவிடும்.

இத்தனையும் கற்றுக்கொண்டு தந்தையாரைக் காணச் சென்றேன். அவர் ‘ஸ்டோர்’ என்று தோட்டத்தார் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையிலே பல்லாண்டு கொழுந்து உலர்த்தும் பொறியின் அருகே நின்று உழைத்தவர். மரத்தை வறுக்கும் வித்தையை நான் விளக்கத் தொடங்கியதும் கையமர்த்தினார்.

“நம்ம தேயிலை மாதிரித்தானே வாத்தியார் ஐயா! ஈரம் நின்னா பூஞ்சணம் பிடிக்கும். சூடு மிஞ்சினா கருகி மணம் போயிடும். நடுவுல நிறுத்தத் தெரியணும்.”

நான் ஏடு புரட்டிக் கற்றதை அவர் ஒரு மூச்சிலே சொல்லிவிட்டார். வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தி, நூற்றுக்கு மூன்று பங்களவே ஈரம் எஞ்ச நிறுத்தும் கைக்கு, சூட்டின் அளவு எழுத்தறிவுபோல் பழகியது. தப்பு அடிக்குமுன் தீயிலே காய்ச்சித் தோலை இறுக்கும் வழக்கத்தையும் அவரே நினைவூட்டினார். விடியற்காலையிலே பிரட்டுக்கு ஆளழைத்த தப்பும் இம்மூடுபனியிலே நெருப்பின் தயவால்தான் பேசியது. வெப்பங் காட்டி நாதம் பெறும் கலை மலையகத்துக்குப் புதிதன்று.

பின்னர்க் கதவுப் பலகையைக் கொண்டுவந்து முற்றத்திலே வைத்தார். மேற்பாதியிலே கிரவில்லியாவுக்கே உரிய பட்டுப்போன்ற பூவரி ஒளிர்ந்தது. கீழ்ப்பாதியை நகத்தால் அழுத்தினேன், நகம் புதைந்தது. எத்தனையோ மழைக்காலங்களிலே வாசற்படியில் தேங்கிய நீரைக் குடித்து அது இளகியிருந்தது. நடுவே துருவேறிய ஆணிகளின் கறை. நீரில் நின்று இளகியது என்று சீவகன் சொன்ன குற்றம் என் விரல்நுனியிலே இருந்தது.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “நல்ல பலகை, செய்யலாம்” என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அந்த மாலை இனிதாய்க் கழிந்திருக்கும். ஆனால் எனக்கு வேறொரு மரம் நினைவுக்கு வந்தது. காலஞ்சென்ற என் மனைவி தாய்வீட்டிலிருந்து கொணர்ந்த வீணை, பலாமரத்திலே செய்த தஞ்சாவூர் வீணை. ஒரே மரத்திற் குடைந்த ஏகாண்ட வீணை அன்று. தண்டும் குடமும் பொருத்திய ஒட்டு வீணை. மழைக்காலத்திலே சுவரோரம் சார்த்திவைப்பேன். வறட்சிக் காலத்திலே அடுப்பறையை அடுத்து வைப்பேன். “மரத்துக்கும் உடம்பு உண்டு, பார்த்து வையுங்கள்” என்று அவர் சொல்லும்போதெல்லாம் தலையசைத்துவிட்டு நூலுக்குள் மூழ்குவேன். ஒரு மாசி மாத இரவிலே படீரென்று ஓர் ஓசை கேட்டது. ஒட்டு விட்டுத் தண்டு விலகியிருந்தது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அதன்பின் வாசிக்கவும் இல்லை. மரத்தின் குற்றங்களை முப்பது ஆண்டு பாடஞ் சொன்னவன், தன் வீட்டு மரத்தைப் படிக்கவில்லை.

ஆதலால் உண்மையையே சொன்னேன். “ஐயா, இப்பலகை உங்கள் குடும்பத்தை மழையிலிருந்து காத்தது. அந்த மழையையெல்லாம் தானே குடித்துவிட்டது. இனி இதன்மேல் பாரம் ஏற்றலாகாது.” அவர் நெடுநேரம் பேசவில்லை. பலகையின் மேற்பாதியைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். பின்னர், “அப்போ இந்தத் துண்டு ஒண்ணுக்குமே ஆகாதா?” என்றார். அவர் குரல் தழுதழுத்தது.

அவ்வினாவுக்கு விடை மகனிடம் இருந்தது. மின் கிற்றாரின் முதுகிலே, கம்பிகளும் பொறிகளும் இருக்கும் பள்ளத்தை மூடுதற்குச் சிறிய மூடியொன்று வேண்டும். பெரும்பாலும் அதனைப் பிளாஸ்டிக்கிலே செய்வர். அதன்மேல் நரம்பின் இழுவையில்லை. உள்ளங்கையளவு மரம் போதும். பலகையின் பழுதற்ற மேற்பகுதியிலிருந்து அதனை வெட்டலாம். வாசிப்பவனின் நெஞ்சை ஒட்டியே அந்த மூடி இருக்கும் என்று மகன் சொன்னபோது, தந்தையார் முதன்முறையாகச் சிரித்தார்.

எஞ்சியவை விரைவிலே முடிந்தன. உடலுக்கு நன்கு உலர்ந்த மகோகனி. கழுத்துக்கு வறுத்த மேப்பிள். விரற்பலகைக்குக் கருங்காலியும் ஈட்டியும் அழகுடையனவே. ஆயினும் ஈட்டியின் இனம் முழுவதும் 2017 முதல் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இலே விலக்களித்தபோதும், மரமாக வாங்குவதற்குச் சான்றிதழ்கள் வேண்டும். ஆகவே விரற்பலகையும் வறுத்த மேப்பிளே ஆயிற்று. கழுத்தும் விரற்பலகையும் ஒரே மரமாயின் ஈரத்துக்கும் வறட்சிக்கும் ஒருபடித்தாய் இசையும். இஃது ஏகாண்ட வீணையின் நியாயமேயாம்.

பூச்சிலே சிறிது வாதம் நிகழ்ந்தது. பழைய கிற்றார்களுக்குப் பூசிய நைட்ரோசெலுலோஸ் அரக்கு மெல்லியது, அழகியது. ஆயினும் வெப்பத்திலிருந்து திடீரெனக் குளிருக்குச் சென்றால் மயிரிழைபோல் வெடிக்க வல்லது. கொழும்பின் புழுக்கத்துக்கும் அற்றனின் குளிருக்கும் இடையே புகைவண்டியிலே ஏறி இறங்கும் கருவிக்கு அது பொருந்தாது. உடலுக்கு மெல்லிய பொலியூரித்தேன் என்று முடிவாயிற்று. கழுத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவலாமே என்றார் தந்தையார். தேங்காயெண்ணெய் காற்றில் உலராது, பிசுக்காகவே நிற்கும். ஆளிவிதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெயை மெல்லப் பூசித் துடைத்து, மேலே மெழுகு தேய்த்தால் விரல் வழுக்கிச் செல்லும், மரமும் கையிலே படும்.

சென்ற சித்திரையிலே கிற்றார் வீட்டுக்கு வந்தது. மகன் மீட்டுமுன் தந்தையார் அதனை வாங்கிப் புரட்டி முதுகைப் பார்த்தார். சிறிய மூடியிலே கிரவில்லியாவின் பூவரி தெரிந்தது. அதன்மேல் பெருவிரலை வைத்து, “எங்கப்பா கதவு” என்றார். அதன் பின்னரே நரம்பு ஒலித்தது.

மட்டக்களப்பு மண் ஈன்ற விபுலானந்த அடிகள், வழக்கொழிந்த யாழை மீட்கப் பல்லாண்டு உழைத்து 1947இலே யாழ்நூலை வெளியிட்டார். நூல் நிலைத்துவிட்டது. ஆனால் அந்த யாழுக்கு மரந்தேடி நிழலிலே ஆறவிட்ட தச்சர்களின் பெயர்களை எந்த நூலும் நமக்குச் சொல்லவில்லை. பெயரறியா அவ்வறிவு, சூளைக்கருகிலும் தேயிலைப் பொறிக்கருகிலும் நிற்கும் கைகளிலே இன்னும் வாழ்கின்றது. இவ்வாண்டு காந்தருவதத்தையார் இலம்பகத்துக்கு வரும்போது, மாணவரை வகுப்பறையிலிருந்து வெளியே அழைத்துச் செல்வேன். அடுப்பறைப் பரணிலே கிடக்கும் ஒட்டுவிட்ட வீணையை அவர்முன் வைப்பேன். நகத்தால் அழுத்திப் பாருங்கள் என்று சொல்லிய பின்னரே செய்யுளைத் தொடங்குவேன்.