மாப்பிள்ளை மூக்கு வரைக்கும் எழுதி வைத்த ஊர்

திருப்பூரில் செக்கிங் டேபிளில் உட்கார்ந்து பிசிறு வெட்டியவர்களைக் கேளுங்கள். பின்கழுத்து லேபிளில் 'சி அண்ட் ஏ' என்று பார்த்த ஞாபகம் பலருக்கும் இருக்கும். 1978-ல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வியாபாரி வெள்ளை பனியன் கேட்டு வந்த கதையைச் சொல்லும் ஊர்ப் பெரியவர்கள், கையோடு 1980-களின் தொடக்கத்தில் இந்தக் கம்பெனி வந்ததையும் சொல்வார்கள். சரி, யாருங்க அந்த 'சி'? யாரு அந்த 'ஏ'?

கிளெமென்ஸ், ஆகஸ்ட் என்று ரெண்டு அண்ணன் தம்பி! குடும்பப் பெயர் பிரெனிங்க்மெயர். ஜெர்மனியின் மெட்டிங்கன் பக்கம் துணி மூட்டை சுமந்து விற்ற வம்சம். 1841-ல் நெதர்லாந்தின் ஸ்னேக் ஊரில் கிடங்கு போட்டார்கள். வெளியூரிலிருந்து வந்து துணியில் பிழைத்தவர்கள், அதாவது நம்ம ஆட்கள்!

இந்த மாதிரி ஆட்களைத் தேடத்தான் டச்சுக்காரர்கள் ஒரு தங்கச் சுரங்கம் வைத்திருக்கிறார்கள். உள்ளே எட்டிப் பார்ப்போம், செல்போன் போதும்.

1849 நவம்பர் 19-ல் அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. தலையை எண்ணிக் கட்டி வைத்திருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். அவர்களோ அந்தக் கணக்கை வைத்தே 1850 முதல் ஒவ்வொரு ஊரிலும் நிரந்தரப் பேரேடு போட்டார்கள். வீட்டுக்கு ஒரு பக்கம். பெயர், பிறந்த நாள், பிறந்த ஊர், தொழில், மதம். அப்புறம்தான் நான் சொக்கிப் போன கட்டங்கள்: எந்த ஊரிலிருந்து எந்தத் தேதியில் வந்தார், எந்த ஊருக்கு எந்தத் தேதியில் போனார். ஆள் கிளம்பிவிட்டால் பெயர் மேல் ஒரு கோடு. போன ஊரின் ஏட்டைத் திறந்தால் அங்கே புது வரியில் அதே ஆள்! வருஷத்துக்கு ஒரு வீடு மாறிய வேலைக்காரப் பெண்ணைக்கூட ஊர் ஊராகத் துரத்தலாம். சீரியல் பார்க்கிற மாதிரி, ஒரு பக்கத்தோடு நிறுத்த முடியாது.

இன்னொரு ரகசியம். 1811-ல் நெப்போலியன் ஆட்சியில் நாடு முழுக்கப் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு பரவியது. கல்யாணமான பெண்ணும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே பதிவாவாள். அதனால் அம்மா வழி, பாட்டி வழி எதுவும் தொலையாது. தலைமுறைக்குத் தலைமுறை இனிஷியல் மாறுகிற நமக்குப் பொறாமையாக இருக்காதா?

திருமணப் பதிவோடு சேர்த்து வைத்த காகிதங்கள்தான் உச்சம். மாப்பிள்ளை ராணுவ அழைப்புக்குப் பதில் சொன்னதற்கான சான்றும் அதில் இருக்கும். பழைய சான்றுகளில் உயரம், கண் நிறம், மூக்கு, தாடை எல்லாம் எழுதியிருப்பார்கள். போட்டோ இல்லாத காலத்துக் கொள்ளுத்தாத்தாவின் மூக்கு! 'வீ வாஸ் வீ', 'ஓப்பன் ஆர்கீவன்' என்ற தளங்களில் தேடலாம். ஸ்னேக் இருக்கும் ஃப்ரீஸ்லாந்து மாகாணத்துக்கு 'ஆலே ஃப்ரீசன்' என்று தனித் தளமே உண்டு. ஆனால் பிறப்புப் பதிவு 100 வருஷம், திருமணம் 75, இறப்பு 50 கழிந்த பிறகுதான் திறக்கும்.

இத்தனை துல்லியம் ஆபத்தும்தான். நாஜிகள் நாட்டைப் பிடித்தபோது, யூதர்களைத் தேடிப் பிடிக்க இதே பதிவேடுகள் உதவின. 1943 மார்ச் 27 இரவு, ஓவியர் வில்லெம் அரோன்டேயுஸ் உள்ளிட்ட குழு ஆம்ஸ்டர்டாம் பதிவகத்துக்குத் தீ வைத்தது. கொஞ்சம் அட்டைகள்தான் அழிந்தன. அரோன்டேயுஸைச் சுட்டுக் கொன்றார்கள். 1971-ல் கணக்கெடுப்புக்கு எதிர்ப்புக் கிளம்பியதும் அடுத்ததைக் கைவிட்டதும் அதே பயத்தின் வால்தான் என்பேன்.

நம்ம பக்கம் வேறு கதை. 1948 சென்சஸ் சட்டத்தின் 15-வது பிரிவுப்படி, நீங்கள் சொன்ன விவரத்தை யாரும் எடுத்துப் பார்க்க முடியாது. நல்ல காவல்தான், ஆனால் கொள்ளுப்பேரன் வந்து கேட்டாலும் கதவு திறக்காது. திருப்பூர் மாவட்டம் 2009-ல்தான் பிறந்தது என்பதால் பழைய நிலக் காகிதங்களைத் தேடுகிறவர்கள் கோவை, ஈரோடு பக்கமும் போய்ப் பாருங்கள். பூமி இருந்தவருக்குப் பட்டா, பத்திரம் என்று ஏதோ கிடைக்கும். மதுரையிலிருந்தும் தேனியிலிருந்தும் பஸ் ஏறி வந்து ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தவருக்கு? ஒடிசாவிலிருந்து ரயிலில் வந்தவருக்கு? அவர்கள் வந்த தேதியை எழுதி வைத்த ஏடு எதுவும் இல்லை.

அதனால் நோட்டு ஒன்று வாங்குங்கள். வீட்டில் மூத்தவர் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்: எந்த ஊரிலிருந்து, எந்த வருஷம், யார் பேச்சைக் கேட்டு வந்தார், முதல் கம்பெனி எது, எந்த லைன் வீட்டில் குடியிருந்தார். பெண்கள் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த ஊரையும் அப்பா அம்மா பெயரையும் மறக்காமல் போடுங்கள். முடிந்தால் மூக்கையும்!