அலாவ்: வடக்கின் குளிர்காயும் தீ

டிசம்பர் பிறந்துவிட்டால் உத்தரப் பிரதேசத்து இந்தி நாளிதழ்களில் ‘அலாவ்’ என்ற சொல் அடிக்கடி தலைகாட்டும். எந்த நாற்சந்தியில் அலாவ் எரிகிறது, எங்கே நகராட்சி விறகு போடவில்லை என்று செய்தி போடுவார்கள். திறந்த வெளியில் மூட்டி, நாலுபேர் சுற்றி உட்கார்ந்து குளிர்காயும் தீ அது.

ஹோலிக்கு முதல்நாள் இரவு எரிப்பதும், பஞ்சாபில் ஜனவரி 13 அன்று லோஹ்ரிக்கு மூட்டுவதும் சடங்குத் தீ. அலாவுக்கு நாள், நட்சத்திரம் கிடையாது. வைக்கோல், சருகு, வரட்டி, சுள்ளி எது கிடைத்தாலும் போதும். கொழுந்துவிட்டு எரிவதைவிட நின்று கனல்வதுதான் அதற்கு அழகு. கனலில் உருளைக்கிழங்கைப் புதைத்துவிட்டு ஊர்க்கதை பேசுவார்கள். போஜ்புரியில் இதையே ‘கௌடா’ என்பார்கள்.

இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் ‘பூஸ் கீ ராத்’ சிறுகதையில் வரும் ஹல்கூ, கம்பளி வாங்கச் சேர்த்த பணத்தைக் கடன்காரனுக்குக் கொடுத்துவிட்டவன். மாந்தோப்புச் சருகைக் கூட்டி அவன் மூட்டுவது அலாவ்தான். சாம்பலின் கதகதப்பை விட்டு எழ மனமில்லாமல் அவன் கிடக்க, நீல்காய் மான்கள் பயிரை மேய்ந்துவிடுகின்றன.

சொல்லின் வேர் சமஸ்கிருத ‘அலாத’, பொருள், கொள்ளிக்கட்டை. கௌடபாதரின் அத்வைத நூலான மாண்டூக்ய காரிகையில் நான்காம் பகுதிக்கே ‘அலாதசாந்தி’ என்று பெயர். கொள்ளியைச் சுழற்றினால் தீவட்டம் தெரிகிறது, நிறுத்தினால் வட்டம் எங்கே என்பது அங்கே வாதம். பிறகு பிராகிருதத்தில் இரு உயிர்களுக்கு நடுவே நின்ற தகரம் தேய்ந்து மறைந்தது. அந்த இடைவெளியில் நம் உடம்படுமெய் போல ஒரு வகரம் வந்து உட்கார்ந்தது. அடியைக் குறிக்கும் ‘காத’ இந்தியில் புண்ணைக் குறிக்கும் ‘காவ்’ ஆனதும் இதே வழியில்தான். துருக்கி மொழியில் ‘அலெவ்’ என்றால் தீச்சுடர். ஒலி ஒத்துப்போவதால் அந்தப் பக்கமும் சந்தேகம் எழும். ஆனால் ஒலிமாற்றம் இவ்வளவு ஒழுங்காகப் பொருந்தும்போது என் ஓட்டு சமஸ்கிருதத்துக்கே.

வடக்கின் கடுங்குளிர் இல்லாத தக்காணத்திலும் இச்சொல் வாழ்கிறது. ஹைதராபாத்தில் ‘அலாவா’ என்பது முஹர்ரத்தின்போது தீ வளர்க்க, துக்கம் அனுசரிக்கும் கூடமான ஆஷூர்கானா முன்பு தோண்டும் குழி. பழைய நகரத்தின் தபீர்புராவில் உள்ள ஆஷூர்கானாவுக்குப் பெயரே ‘பீபீ கா அலாவா’. முஹர்ரம் பத்தாம் நாள் அங்கிருந்துதான் யானைமீது புனிதச் சின்னம் ஊர்வலமாகப் புறப்படுகிறது.