பந்தயத் தட மசில் காரின் சக்கர, டயர் அளவுகள்

மசில் கார் என்பது பெரிய வி8 எஞ்சினும் பின்சக்கர இயக்கமும் கொண்ட அமெரிக்கத் தானுந்து வகை ஆகும். ஃபோர்டு மஸ்டாங், செவர்லே கமாரோ, டாட்ஜ் சேலஞ்சர் ஆகியன இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. (கண்டிப்பான வகைப்பாட்டில் மஸ்டாங்கும் கமாரோவும் "போனி கார்" எனப்படும். பேச்சு வழக்கில் இவ்வேறுபாடு பெரிதாகப் பார்க்கப்படுவதில்லை.) நேர்க்கோட்டு வேகத்துக்குப் பெயர் பெற்ற இத்தானுந்துகளை வளைவுகள் நிறைந்த பந்தயத் தடத்தில் ஓட்டும்போது, சாலைக்கென அமைந்த சக்கரங்களும் டயர்களும் போதாமல் போகின்றன. மாற்று அளவுகளைத் தேர்ந்தெடுக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

அளவுக் குறியீடு

டயரின் பக்கச்சுவரில் 255/40ஆர்19 என்பது போன்ற குறியீடு காணப்படும். 255 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 40 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பதைக் குறிக்கும். "ஆர்" ரேடியல் கட்டமைப்பையும், 19 அங்குலத்தில் ரிம்மின் விட்டத்தையும் குறிக்கும். ஆக, இந்த டயரின் பக்கச்சுவர் 102 மிமீ. மொத்த விட்டம் 482.6 + 102 + 102 = 686.6 மிமீ ஆகும். இக்கணக்கு எளிதானது. எனினும் இதைப் போட்டுப் பார்க்காமல் டயர் வாங்குவோரே மிகுதி.

வரலாறு

1960களின் மசில் கார்களில் 14 அங்குலச் சக்கரங்களே பெருவழக்காக இருந்தன. 1966இல் தொடங்கிய டிரான்ஸ்-ஆம் பந்தயத் தொடர் இதை மாற்றியது. அத்தொடருக்காக உருவான 1967 கமாரோ இசட்/28, 6 அங்குல அகலமுள்ள 15 அங்குலச் சக்கரங்களுடன் வந்தது. 1969 மஸ்டாங் பாஸ் 302இல் சக்கர அகலம் 7 அங்குலமாகி, எஃப்60-15 என்ற அகன்ற டயர் பொருத்தப்பட்டது. அந்த டயர்களின் பிடிப்பு தந்த கூடுதல் விசையைத் தாங்குவதற்காக, முன்புற அதிர்வுதாங்கிகள் பொருந்தும் தகட்டுக் கோபுரங்கள் வலுப்படுத்தப்பட்டன. டயர் தரும் பிடிப்பு முழுவதும் இறுதியில் உடற்கூட்டின் மீது விசையாக வந்து சேரும் என்பதற்கு இது தொடக்ககாலச் சான்று.

முன்சக்கரங்களின் தேவை

மசில் கார் என்றவுடன் பின்புறம் மிக அகன்ற டயரும் முன்புறம் ஒல்லியான டயரும் கொண்ட தோற்றமே நினைவுக்கு வரும். எஞ்சினின் விசை பின்சக்கரங்களுக்குச் செல்வதால் நேர்க்கோட்டுப் பந்தயத்துக்கு அது பொருத்தமானது. 2018 டாட்ஜ் சேலஞ்சர் டீமன் அத்தேவைக்கென்றே 315/40ஆர்18 டயர்களுடன் வந்தது. 126 மிமீ உயரமுள்ள அதன் பக்கச்சுவர் புறப்படும் கணத்தில் மடங்கிக் கொடுத்துத் தரையைப் பற்றும்.

வளைவுகள் நிறைந்த தடத்தில் நிலைமை வேறு. எடையில் பாதிக்கு மேல் முன்சக்கரங்களின் மீது உள்ளது. பிரேக் பிடித்துக்கொண்டே வளைவுக்குள் நுழையும்போது எடை மேலும் முன்னோக்கி நகர்ந்து, வெளிப்பக்க முன்டயரின் மீது குவிகிறது. ரப்பரின் உராய்வுக் குணகம் மாறிலி அன்று. சுமை கூடக்கூட அது குறையும். எனவே சுமை இருமடங்கானால் பிடிப்பு இருமடங்காவதில்லை. இதன் விளைவாக, திசைமாற்றியைத் திருப்பிய பின்னும் தானுந்தின் முன்பகுதி வளைவின் வெளிப்புறம் நோக்கி வழுக்கிச் செல்லும். ஓட்டுநர் இன்னும் திருப்புவார். முன்டயரின் வெளித்தோள் சூடேறித் தேயும். சில சுற்றுகளில் டயர் பயனற்றுப் போகலாம்.

காற்றழுத்தம் மாறாதவரை, அகன்ற டயர் தரையைத் தொடும் பரப்பை அதிகம் கூட்டுவதில்லை. அப்பரப்பின் வடிவத்தையே முதன்மையாக மாற்றுகிறது: குறுகி நீண்டிருந்தது அகன்று குட்டையாகிறது. பக்கவாட்டு விறைப்பு கூடுவதும், வெப்பத்தைப் பகிர அதிக ரப்பர் கிடைப்பதுமே அகலத்தின் உண்மையான பயன்கள்.

தயாரிப்பு நிறுவனங்களின் சொந்தத் தெரிவுகளே இதற்குச் சிறந்த சான்று. 2010 கமாரோ எஸ்எஸ் முன்னே 245, பின்னே 275 மிமீ அகல டயர்களைக் கொண்டிருந்தது. தடத்துக்கென உருவான 2014 கமாரோ இசட்/28இல் நான்கும் 305 மிமீ. அதாவது பின்னே 30 மிமீ கூடியபோது முன்னே 60 மிமீ கூடியது. 2015 மஸ்டாங் ஜிடியின் பெர்ஃபார்மன்ஸ் பேக் வகையில் முன்னே 255, பின்னே 275. ஷெல்பி ஜிடி350இல் முன்னே 295, பின்னே 305. இங்கும் முன்புறமே அதிகம் பெற்றது. பணம் ஓர் இணை டயர்களுக்கு மட்டுமே இருக்குமெனில் அதை முன்புறத்தில் செலவிடுவதே முறை. பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கின்றனர்.

விட்டம்

சக்கரத்தின் விட்டத்துக்குக் கீழ் எல்லையை வகுப்பது பிரேக் ஆகும். இசட்/28இன் முன் பிரேக் தட்டு 394 மிமீ. 18 அங்குல ரிம்மின் பெயரளவு விட்டம் 457.2 மிமீ என்பதால் தட்டுக்கு வெளியே 31.6 மிமீ மட்டுமே எஞ்சும். அதற்குள் காலிப்பரின் முதுகும் ரிம்மின் தடிப்பும் அடங்க வேண்டும். 19 அங்குலத்தில் அந்த இடைவெளி 44.3 மிமீ ஆகிறது. அந்நிறுவனம் எஸ்எஸ் வகையின் 20 அங்குலத்திலிருந்து 19க்கு இறங்கியது, ஆனால் 18க்கு இறங்கவில்லை.

தடத்துக்கு, பிரேக் அனுமதிக்கும் மிகச் சிறிய விட்டமே பொதுவாக நல்லது. பெரிய ரிம் எடை கூடியது. அந்த எடை சுருள்வில்லால் தாங்கப்படாதது. போதாக்குறைக்குச் சுழல்வதும் கூட. இசட்/28இன் 305/30ஆர்19 டயரின் விட்டம் 665.6 மிமீ, எஸ்எஸ்ஸின் 275/40ஆர்20 டயருக்கு அது 728 மிமீ. ஆகவே தானுந்து ஏறத்தாழ 31 மிமீ தரையை நெருங்குகிறது. ஃபோர்டு ஜிடி350ஆர் வகையில் கரியிழைச் சக்கரங்களைப் பயன்படுத்தியதும் எடைக்காகவே. ஒப்பான அலுமினியச் சக்கரம் 15 கிலோ இருக்க, கரியிழைச் சக்கரம் 8.2 கிலோ என அந்நிறுவனம் அறிவித்தது.

விட்டம் குறைவதற்கு விலையும் உண்டு. மஸ்டாங்கின் பின்புற 275/40ஆர்19 டயருக்குப் பதில் 305/30ஆர்19 பொருத்தினால் விட்டம் 5.3% குறையும். அதே வேகத்தில் எஞ்சின் கூடுதலாகச் சுழலும். வேகமானி 200 கிமீ காட்டும்போது உண்மை வேகம் 189 கிமீ அளவிலேயே இருக்கும். இதைவிட நுட்பமான சிக்கல், முன்-பின் விட்டங்களின் விகிதம். பூட்டுத்தடுப்பு பிரேக் கணினி நான்கு சக்கரங்களின் சுழற்சியையும் ஒப்பிட்டே முடிவெடுக்கிறது. விகிதம் மாறினால் வழுக்காத சக்கரம் வழுக்குவதாக அதற்குத் தோன்றலாம். 2018 மஸ்டாங்கின் இரண்டாம் நிலை பெர்ஃபார்மன்ஸ் பேக்கில் நான்கு சக்கரங்களுக்கும் 305/30ஆர்19 பொருத்திய ஃபோர்டு, மென்பொருளையும் அதற்கேற்பத் திருத்தியது. தனியார் செய்யும் மாற்றங்களில் இத்திருத்தம் பெரும்பாலும் விடுபடுகிறது.

ரிம் அகலமும் ஆஃப்செட்டும்

ஒவ்வொரு டயருக்கும் ஏற்ற ரிம் அகலத்தைத் தயாரிப்பாளர் குறிப்பிடுவார். 305/30ஆர்19 அளவுக்கு அது பெரும்பாலும் 10.5 முதல் 11.5 அங்குலம். அகன்ற டயரை ஒடுங்கிய ரிம்மில் திணித்தால் பக்கச்சுவர் பிதுங்கி, வளைவில் டயர் உருண்டு, நடுப்பகுதி மட்டும் உழைக்கும். சரியான ரிம்மில் ஏறிய 275 டயர், ஒடுங்கிய ரிம்மில் ஏறிய 305 டயரைவிட நம்பகமானது.

ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டுக்கும், சக்கரம் அச்சுத்தலையில் பதியும் தளத்துக்கும் இடைப்பட்ட தொலைவு. 45 மிமீ ஆஃப்செட் கொண்ட 9 அங்குலச் சக்கரத்துக்குப் பதில் அதே ஆஃப்செட்டில் 10.5 அங்குலச் சக்கரம் பொருத்தினால் இருபுறமும் 19 மிமீ கூடும். ஆஃப்செட் 35 மிமீ எனில் உட்புறம் 9 மிமீ, வெளிப்புறம் 29 மிமீ கூடும். உட்புறம் கூடினால் அதிர்வுதாங்கியிலும், வெளிப்புறம் கூடினால் மண்காப்பிலும் டயர் உரசக்கூடும். நின்றிருக்கும் வண்டியில் அளந்தால் போதாது. திசைமாற்றியை முழுதும் திருப்பியும், சுருள்வில்லை முழுதும் அமுக்கியும் அளத்தல் வேண்டும். சேலஞ்சரில் 11 அங்குலச் சக்கரங்களைப் பொருத்துவதற்கு டாட்ஜ் நிறுவனமே உடலை 3.5 அங்குலம் அகலப்படுத்திய "வைட்பாடி" வகையை வெளியிட நேர்ந்தது.

நான்கும் ஒரே அளவாயின் தேய்ந்த முன்டயரைப் பின்னுக்கு மாற்றலாம். தடத்தில் டயரே பெருஞ்செலவு என்பதால் இது சிறிய நன்மை அன்று. ஆனால் ஒரு திசையில் மட்டும் சுழல வேண்டிய டயர்களை இடவலமாக மாற்ற, அவற்றை ரிம்மிலிருந்து கழற்றியே ஆக வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் அசல் டயரைவிடக் குறையக் கூடாது. 102ஒய் என்பது 850 கிலோ, மணிக்கு 300 கிமீ எனப் பொருள்படும். மஸ்டாங்கின் ஐந்து போல்ட் துளைகள் 114.3 மிமீ வட்டத்திலும், ஐந்தாம், ஆறாம் தலைமுறைக் கமாரோக்களில் 120 மிமீ வட்டத்திலும் அமைந்துள்ளதால் ஒன்றின் சக்கரம் மற்றதற்குப் பொருந்தாது.

இசட்/28இன் சோதனைகளில் டயரின் பிடிப்பு மிகுந்து, பிரேக் பிடிக்கையில் ரிம்மே டயருக்குள் நழுவிச் சுழன்றது. அதைத் தடுக்க ரிம்மில் டயர் அமரும் பகுதி சொரசொரப்பாக்கப்பட்டது. ஒட்டும் தன்மை மிக்க டயர் பொருத்தியவர்கள் ரிம்மிலும் டயரிலும் நேராக ஒரு சுண்ணக்கட்டிக் கோடு வரைந்து வைத்து, தடத்திலிருந்து திரும்பியதும் இரு கோடுகளும் விலகியுள்ளனவா என்று பார்ப்பது வழக்கம்.