அப்பாவைக் கூப்பிட்ட அன்று இரவு

"அப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்தாத்தான் கிளாஸுக்குள்ள விடுவேன்." பிரம்பை மூலையில் வைத்துவிட்ட ஆசிரியர்களிடம் மிச்சமிருக்கும் பெரிய மிரட்டல் இதுதான். உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடை செய்கிறது. அந்தச் சட்டம் பள்ளியோடு நின்றுவிடுகிறது. பிள்ளை மாலையில் வீட்டுக்குப் போயாக வேண்டும்.

கட்டட வேலைக்குப் போகும் அப்பா அன்றைய கூலியை விட்டுவிட்டு வருகிறார். ஹெச்.எம். அறை வாசலில் காத்திருந்து, மற்ற ஆசிரியர்கள் பார்க்க, மகனின் குற்றப்பட்டியலைக் கேட்கிறார். அவர் சொல்லும் பதில் நமக்கெல்லாம் பழகியது: "கண்ண மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்." சாரால் உரிக்க முடியாது. போன கூலிக்கும் பட்ட அவமானத்துக்கும் சேர்த்து அன்று இரவு அப்பாவே பெல்ட்டைக் கழற்றுகிறார். மறுநாள் பையன் வாய் திறப்பதில்லை. "திருந்திட்டான்" என்று பள்ளி நிம்மதியடைகிறது. தெரிந்த ஆட்டோக்காரரைச் சித்தப்பா என்று சொல்லிக் கூட்டிவரும் பையன்களைக் குறும்புக்காரர்கள் என்கிறோம். எந்த அடிக்குப் பயந்து அப்படிச் செய்கிறார்கள் என்று யார் கேட்டோம்?

நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேறு என்னதான் செய்வது என்கிறார்கள் ஆசிரியர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கான விலையைப் பிள்ளையின் முதுகு கொடுக்கக் கூடாது.

இதைப் பேச ஓர் இடம் அதே கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. அதன் 21-ஆவது பிரிவுப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழக அரசுப் பள்ளிகளில் 2022-இல் இந்தக் குழுக்கள் மறுசீரமைக்கப்பட்டன. கழிப்பறை, சுற்றுச்சுவர், குடிநீருக்கெல்லாம் தீர்மானம் போடுகிறார்கள்; அவையும் வேண்டியவையே. வீட்டில் விழும் அடியைப் பற்றி அங்கே பேச்செடுக்க, குழுவில் இருக்கும் அம்மாக்களைவிடப் பொருத்தமானவர் யார்?

வகுப்பாசிரியரின் முதல் போன், பையன் ஏதாவது நன்றாகச் செய்த நாளில் போகட்டும். புகார் சொல்ல வேண்டியிருந்தால் வேலை முடிந்த மாலை நேரத்தில், தனியே உட்கார வைத்துச் சொல்லலாம். கிளம்பும் முன், "வீட்டுக்குப் போய் கை வைக்காதீங்க" என்று அப்பாவிடம் நேராகவே கேட்டுக்கொள்ள வேண்டும். மறுநாள் காலை அந்தப் பையனைத் தனியாக அழைத்து, ராத்திரி என்ன நடந்தது என்று விசாரிக்க வேண்டும். அடித்திருந்தால் அப்பாவிடம் மறுபடி பேச வேண்டும். அடி தொடர்ந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்க வேண்டியதும் பள்ளிதான். அப்பாவை வரவழைத்தது அந்தப் பள்ளிதானே.